முளைகட்டிய கேழ்வரகு மாவிலும் கஞ்சி களியாக இறுகுவது ஏன்?

மீனா_சேலம்:
8 மாதக் குழந்தைக்குக் கடையில் வாங்கிய முளைகட்டிய கேழ்வரகு மாவு. முளைகட்டின மாவுன்னா கஞ்சி இளகி வரும்னு சொல்றாங்க. ஆனா கொதிக்கிற தண்ணியில கரைச்சு ஊத்தினதும் களி மாதிரி இறுகிடுது. இன்னும் தண்ணி விட்டா குடிக்கிறான். அது போதுமா? செரிமானத்துக்கு என்சைம் சொட்டு மருந்து சேர்க்கலாமா?

தானியக்காரன்:
கொதிக்கிற தண்ணிதான் முதல் சந்தேகம். முளைக்கும் கேழ்வரகு தன் மாவுச்சத்தை உடைக்க அமைலேஸ் என்ற நொதியை (என்சைம்) உண்டாக்கும். மாவுச்சத்து உடைவதால்தான் கஞ்சி இளகுகிறது. ஈரத்தில் 60–65 டிகிரி சூட்டில் அது நன்றாக வேலை செய்யும். 80-ஐத் தாண்டினால் சீக்கிரமே செத்துவிடும். மாவைப் பச்சைத் தண்ணியில் கரைத்து, சிறு தீயில் 10 நிமிடமாவது மெல்லச் சூடேற்றுங்கள்.

அப்படியும் இறுகினால், மாவை ஏற்கெனவே வாசம் வர வறுத்திருப்பார்கள், அந்தச் சூட்டில் நொதி செத்திருக்கும். சோதிக்க வழி இருக்கிறது. அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கி, ஆனால் கை வைக்க முடியாத சூட்டில் இந்த மாவு ஒரு டீஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். 10 நிமிடத்தில் கரண்டியிலிருந்து ஒழுகினால் நொதி உயிரோடு இருக்கிறது.

தண்ணி ஊற்றி இளக்குவதில்தான் நஷ்டம். 200 மி.லி. கஞ்சியில் 10 கிராம் மாவு என்றால் சுமார் 32 கலோரி. நொதி இளக்கிய கஞ்சியில் 30 கிராம் வரை போட்டாலும் குடிக்கும் பதத்திலேயே இருக்கும், கிட்டத்தட்ட 100 கலோரி. சின்ன வயிற்றுக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

அடுப்பங்கரை:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். கொதி அடங்கிய கஞ்சியில் மாவு போட்டு இளக்கினால், குழந்தைக்குக் கொடுக்குமுன் மறுபடி ஒரு கொதி விடுங்க. முளைகட்டுற ஈரத்துல கிருமியும் பெருகும். இளகின கஞ்சி திரும்ப இறுகாது, பயம் வேண்டாம்.

வீட்டில் செய்வதானால்: 12 மணி நேரம் ஊறல், நடுவில் ஒருமுறை தண்ணி மாற்றணும். வடித்து ஈரத்துணியில் 24–36 மணி நேரம். அரை செ.மீ. முளை போதும். வழவழப்போ, புளித்த வாடையோ, பூஞ்சையோ தெரிந்தால் முழுசையும் கொட்டிடுங்க, கழுவி எடுக்காதீங்க. மொறுமொறுன்னு காயவைத்து, கசக்கி முளையைப் புடைத்துத் தள்ளி அரைங்க. காய்ந்த மாவு லேசான சூட்டைத் தாங்கும், சிவக்க வறுத்தால் தாங்காது. கால்சியம் பெரும்பாலும் தோலில் இருப்பதால் ரொம்ப நைசாகச் சலிக்க வேண்டாம். முளைக்கும்போது ஃபைட்டேஸ் நொதியும் வேலை செய்து, சத்துகளைக் கட்டிவைக்கும் ஃபைட்டிக் அமிலத்தைக் குறைக்கும். இரும்பும் கால்சியமும் உடம்பில் சேர அது உதவும்.

மருந்தாளுநர்_குறிப்பு:
சொட்டு மருந்து வேண்டாம். இப்படி விற்பவற்றில் பலதில் இருப்பது டயஸ்டேஸும், புரதத்தை உடைக்கும் பெப்சினும். டயஸ்டேஸ் என்பதும் அமைலேஸ்தான். மாவை வறுத்துக் கொன்றதைப் பாட்டிலில் காசு கொடுத்து வாங்குவானேன்? கணைய நொதி உண்மையிலேயே சுரக்காத குழந்தைக்கு மருத்துவர் வேறு மருந்து தருவார். எடை ஏறாமல், மலம் எண்ணெய்ப் பசையோடு நாற்றமாகப் போனால் காட்டுங்கள். இன்னொன்று, குழந்தை பாதி சாப்பிட்டு வைத்த கிண்ணம் நீர்த்துப் போவது ஸ்பூன் வழியாகப் போன உமிழ்நீரின் அமைலேஸால். அந்த மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள்.

மீனா_சேலம்:
நன்றி. வெள்ளைச் சோளத்தையும் இதே மாதிரி முளைகட்டலாமா?

தானியக்காரன்:
குழந்தைக்கு வேண்டாம். சோள முளையில் டுரின் என்ற பொருள் இருக்கிறது, அது உடைந்தால் சயனைடு வெளிவரும். கேழ்வரகு, கோதுமை போதும்.