எஸ்டேட் குவாட்டர்ஸ் கூரை மாத்துற வேலை: எஸ்டிமேட் எந்த முறையில போடுறது?

கேள்வி கேட்டது: சைட்_ஆபீஸ்_சிப்புட்

வணக்கம். நான் மலேசியாவுல பேராக் பக்கம் சுங்கை சிப்புட்ல ஒரு சின்ன கான்ட்ராக்டர் கிட்ட வேல செய்றேன். பக்கத்து செம்பனை எஸ்டேட்ல பழைய குவாட்டர்ஸுக்கு (தொழிலாளிங்க குடியிருக்குற வீடு) கூரை மாத்தணும்னு கொட்டேஷன் கேட்டுருக்காங்க. மொத்தம் 10 கட்டடம், ஒவ்வொண்ணும் ரெட்டை வீடு, இப்ப மேல இருக்குறது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, அத எறக்கிட்டு மெட்டல் டெக் (உலோகக் கூரை ஷீட்டு) போடணும், கெட்டுப்போன மரத்த மாத்தணும், சீலிங் புதுசு. என் பாஸ் என்னா சொல்றாருன்னா முந்தி டவுன் பக்கம் செஞ்ச கூரை வேலையோட வெலைய எடு, மேல பத்து பர்சன்ட் போடு, அனுப்புன்னு. நான் இப்பதான் பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சர்டிபிகேட்) கிளாஸ் போறேன், அங்க அனலாகஸ், பாராமெட்ரிக், பாட்டம் அப், த்ரீ பாயிண்ட்னு நாலு முறை சொல்லிக் குடுத்தாங்க, ஆனா எந்த வேலைக்கு எத எடுக்கணும்னு கேட்டா "சூழ்நிலையப் பொறுத்தது"ன்னு முடிச்சிட்டாங்க. சூழ்நிலை இதுதான், சீலிங்குக்கு மேல மரம் எப்படி இருக்குன்னு யாருக்கும் தெரியாது, எஸ்டேட் ஆபீஸ் ஒரே ஒரு நம்பர்தான் கேக்குது. என்ன செய்யலாம்?

பதில்: கூரைக்காரன்

தம்பி, ஒங்க பாஸ் சொல்றத ஒரேயடியா தப்புன்னு சொல்லாத. அதுக்குப் பேருதான் ஒங்க கிளாஸ்ல அனலாகஸ். நாங்கல்லாம் அப்படித்தான் பொழச்சோம். ஆனா பழைய வெலைய அப்படியே தூக்கி வைக்கக் கூடாது, இன்னைக்கு நெலவரத்துக்குக் கொண்டாரணும், பத்து பர்சன்ட்டு எங்கருந்து வந்துச்சுன்னு கேளு, சும்மா வாய்க்கு வந்ததுதான். அந்த டவுன் வேலை எப்ப செஞ்சது? 2024 ஜூன் 10-க்கு முன்னாடின்னா அப்ப டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசு, அன்னையிலருந்து 3 வெள்ளி 35 காசு ஆச்சு, லோரிக்காரன் கணக்கெல்லாம் மாறிப்போச்சு. மாசத்துக்குக் குறைஞ்ச சம்பளம் 1,500-லருந்து 1,700 ஆனது 2025 பிப்ரவரி. டவுன்ல ஹார்ட்வேர் கடை லோரி வாசல்லயே எறக்கிட்டுப் போயிரும், எஸ்டேட்டுக்குள்ள செம்மண் ரோட்டுல மழை பேஞ்சா ஆறு வீல் லோரி போவுமா? இதையெல்லாம் ஒண்ணொண்ணா ஏத்தி எறக்கிப் பாத்தா அது எஸ்டிமேட். பாக்காம பத்து பர்சன்ட் போட்டா அது ஜோசியம்.

பதில்: ஈப்போ_கியூஎஸ்

கூரைக்காரன் அண்ணே சொன்னதோட சேத்துக்கங்க. நாலுல ஒண்ணத் தேர்ந்தெடுக்கணும்னு நெனைக்கிறதுதான் சிக்கல். முறைய மொத்த வேலைக்கும் பாத்து எடுக்காதீங்க, வேலைய மொதல்ல பிரிங்க, ஒவ்வொரு துண்டுக்கும் கையில என்ன தகவல் இருக்குன்னு பாருங்க.

மெட்டல் டெக் ஷீட்டு: அளவு தெரியும், சதுர அடி ரேட்டு சப்ளையர்கிட்ட கெடைக்கும், அதனால பாராமெட்ரிக், அதாவது அளவ ரேட்டால பெருக்குறது, போதும். ஆனா ஒண்ணு, தரை அளவ வச்சுக் கூரையக் கணக்குப் போடாதீங்க. கட்டடம் 30 அடிக்கு 40 அடின்னு வைங்க, தரை 1,200 சதுர அடி. நாலு பக்கமும் 2 அடி தாவாரம் வெளிய வந்தா 34 பெருக்கல் 44, அது 1,496. கூரைச் சரிவு 30 டிகிரின்னா அதோட கொசைன் 0.866-ஆல வகுக்கணும், 1,727 சதுர அடி வரும். இதுக்கு மேலதான் ஷீட்டு ஒண்ணுமேல ஒண்ணு ஏறுறது, வெட்டிப்போறது எல்லாம். பத்து கட்டடத்துக்கு இந்த வித்தியாசம் மட்டும் 5,000 சதுர அடிக்கு மேல, லாபம் பூரா அதுலயே போயிரும்.

சீலிங், கூலி, சாரம், பழசு எறக்குறது: ஒரு கட்டடத்த எடுத்து ஆணி வரைக்கும் பாட்டம் அப் போடுங்க. எத்தன ஆளு, எத்தன நாளு, என்ன சாமான். பத்துக்கும் ஒரே பிளான்னா பெருக்கிக்கலாம், ஆனா நேர்ல போய் பத்தையும் பாத்துட்டுப் பெருக்குங்க. பின்னால எடுத்துக் கட்டுன சமையக்கட்டு, கார் நிறுத்த போட்ட தகரம்னு ஒவ்வொரு வீட்டுலயும் ஒண்ணு இருக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ தனி ஐட்டமா போட்டே ஆகணும். 2005 அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதியில ஆஸ்பெஸ்டாஸ் கழிவுக்கு எஸ்டபிள்யூ 201-னு கோடே இருக்கு, ஒடைச்சு லோரியில ஏத்தி செம்பனைக் காட்டுல கொட்டுற சாமான் இல்ல. இதுக்கு நம்ம கையில ரேட்டு கெடையாது, லைசன்ஸ் உள்ளவங்ககிட்ட கொட்டேஷன் வாங்கி அப்படியே உள்ள வைங்க.

மரம்: யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்கல்ல, அங்கதான் த்ரீ பாயிண்ட், நல்லா இருந்தா, சாதாரணமா, மோசமா இருந்தான்னு மூணு வெல போட்டு சராசரி எடுக்குறது.

பதில்: சைட்_ஆபீஸ்_சிப்புட்

ரொம்ப நன்றி. கூரைக்காரன் அண்ணே, தம்பி இல்ல, தங்கச்சி 😄. மரத்துக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு கட்டடத்துக்கு நல்லா இருந்தா 3,000 வெள்ளி, சாதாரணமா 4,000, கரையான் பூரா அரிச்சிருந்தா 11,000. பெர்ட் ஃபார்முலாவுல 3,000, நாலு தடவ 4,000, 11,000 எல்லாம் கூட்டி ஆறால வகுத்தா 5,000. பத்துக்கு 50,000. பாஸ் 40,000 போதும்ங்கிறாரு, ஏன்னா "சாதாரணமா" 4,000 தானேன்னு.

பதில்: கணக்கு_வாத்தி

ஒங்க பாஸ் சொல்ற 40,000-ல ஒரு பக்கம் மட்டும் இருக்கு. நல்லா இருந்தா மிஞ்சுறது ஆயிரம், கெட்டுப்போனா கையக் கடிக்கிறது ஏழாயிரம், அதனாலதான் சராசரி மேல ஏறுது. இந்த பெர்ட் 1958-ல அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்கு உண்டாக்குனது, அங்க அவங்க பாத்தது நாளு, நம்ம காசுக்கும் அதையே போடுறோம்.

ஆனா இங்க ஒரு பள்ளம் இருக்கு. 11,000-லருந்து 3,000 கழிச்சு ஆறால வகுத்தா ஒரு கட்டடத்துக்கு விலகல், அதாவது சராசரிய விட்டு மேல கீழ போறது, 1,333. கிளாஸ்ல என்ன சொல்லுவாங்கன்னா பத்து கட்டடத்துக்குப் பத்தோட வர்க்கமூலத்தால பெருக்குன்னு, சுமார் 4,200 வரும், பாக்க கொஞ்சமா இருக்கும், பாஸும் சந்தோசப்படுவாரு. அது ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியா நல்லா இருக்கலாம் கெட்டிருக்கலாம்ங்கிறப்ப மட்டும்தான் சரி. ஒங்க பத்தும் ஒரே காலத்துல ஒரே மரத்துல கட்டி, ஒரே மழையில நனைஞ்சு, ஒரே கரையான் மண்ணுல நிக்குது. ஒண்ணு கெட்டா எல்லாம் கெட்டிருக்கும். அப்ப விலகல் 13,300 வரைக்கும் போவும். கன்டின்ஜென்சி (எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குற காசு) எவ்வளவு வைக்கிறதுன்னு இதப் பாத்து முடிவு பண்ணுங்க, லாபத்தோட சேத்து மறைச்சு வைக்காதீங்க, பேரம் பேசுறப்ப மொதல்ல வெட்டுறது அதத்தான்.

பதில்: ரிட்டயர்ட்_கிராணி

எல்லாரும் பெரிய கணக்காப் போடுறீங்க, நல்லதுதான், நான் எஸ்டேட் ஆபீஸ்ல உக்காந்து கொட்டேஷன் வாங்குன பக்கம். மா, அந்த வீட்டுல ஆளு குடியிருக்கா? இத யாருமே கேக்கல. கூரையப் பிரிச்சா புள்ளகுட்டியோட எங்க போவாங்க? ஒரு காலி வீட்டக் குடுத்து மாத்தி மாத்தித் தங்கவச்சாதான் வேல ஓடும், அப்படின்னா ஒரே நேரத்துல ஒரு கட்டடத்துக்கு மேல தொட முடியாது, ஒங்க ஆளுங்க காத்துக் கெடப்பாங்க, அந்தக் கூலி எந்த முறையிலயும் தானா வராது. அக்டோபர் நவம்பர்னா மத்தியானத்துக்கு மேல மழை கொட்டும், காலையில பிரிச்சத சாயங்காலத்துக்குள்ள மூடணும், கென்வாஸ் வாடகைய எழுது. குளியலறைப் பக்கத்து மரந்தான் மொதல்ல போவும், பாக்குறதுன்னா அங்க பாரு. ஆபீஸ்ல பழைய பிளான் இருக்கும், கேட்டா குடுப்பாங்க.

1990-ம் வருசத்து 446 சட்டத்துல தொழிலாளி வீடு இப்படி இப்படி இருக்கணும்னு இருக்கு, நிர்வாகம் அதுக்கும் பயந்துக்கிட்டுத்தான் செய்யுது, அதனால பாதியில விட்டுட்டு ஓடுற கான்ட்ராக்டர அவங்களுக்கு ஆவாது, ரொம்பக் கொறைச்சலா போட்டவன நாங்க சந்தேகமாத்தான் பாப்போம்.

பதில்: சைட்_ஆபீஸ்_சிப்புட்

ஆளுங்க இருக்காங்க ஐயா, ஒரு வீடு கூட காலி இல்ல. இத இன்னைக்கே கேக்குறேன். ஆனா எஸ்டேட் ஒரே நம்பர் கேக்குதே, நாங்க மட்டும் மரத்துக்கு 40,000-லருந்து 65,000 வரைக்கும்னு எழுதுனா வேலை வேற ஆளுக்குப் போயிரும்னு பாஸ் கத்துறாரு.

பதில்: கூரைக்காரன்

சரி தங்கச்சி, மன்னிச்சுக்க. மரத்துக்கு நம்பர் குடுக்காத, ரேட்டு குடு. மொத்த வெலையில மரத்துக்கு இவ்வளவு அடின்னு ஒரு தற்காலிக அளவு போடு, ஒரு அடிக்கு இவ்வளவு வெள்ளின்னு பக்கத்துல எழுது, சீலிங் பிரிச்சப்பறம் எஸ்டேட் ஆளும் ஒங்க ஆளும் சேந்து அளந்து கையெழுத்துப் போட்டு, கூடுனா கூட்டி கொறைஞ்சா கழிச்சுக்கலாம்னு ஒரு வரி. பிக்யூவுல (வேலையும் அளவும் ரேட்டும் எழுதுற பட்டியல்) இது சாதாரணம். அவங்களுக்கும் கீழ ஒரே நம்பர்தான் தெரியும்.

பதில்: ஈப்போ_கியூஎஸ்

அதேதான். ரேஞ்ச் ஒங்க பாஸ் டேபிளுக்கு, எஸ்டேட்டுக்கு இல்ல. ஒங்க பிஎம்பி பரீட்சை நடத்துற பிஎம்ஐ-யோட புத்தகத்துல ஆரம்ப எஸ்டிமேட்டுக்கு கீழ 25, மேல 75 பர்சன்ட்னும், எல்லாம் தெரிஞ்சப்பறம் போடுறதுக்கு கீழ 5, மேல 10-னும் ஒதாரணம் இருக்கும், ஒங்க மரம் மொதல் வகை, ஷீட்டு ரெண்டாவது வகை, ரெண்டையும் ஒரே பர்சன்ட்ல அடிக்காதீங்கன்னு அவருகிட்ட காட்டுங்க. முடிஞ்சா கொட்டேஷன் குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கட்டடத்துல சீலிங் பலகை ஒண்ண மட்டும் கழட்டிப் பாக்க பெர்மிஷன் கேளுங்க, ஷீட்டத் தொடாம. ஏணியும் டார்ச்லைட்டும்தான் செலவு, அந்த 11,000 நெசமா இல்லையான்னு அன்னைக்கே பாதி தெரிஞ்சிரும். கொட்டேஷன் எத்தன நாளைக்குச் செல்லும்னு தேதி போட மறக்காதீங்க, மெட்டல் டெக் சப்ளையர் ஒங்களுக்குக் குடுத்த நாளுக்கு மேல நீங்க எஸ்டேட்டுக்குக் குடுக்காதீங்க.