யூரியா மேல் ஸ்டார்ச் பூச்சு நிற்கவில்லை, உதவி தேவை

செடிக்கூடை:
யூரியா மெதுவாகக் கரையட்டும் என்று ஸ்டார்ச் கஞ்சியில் கொஞ்சம் கிளிசரின் கலந்து, சுழலும் டிரம்மில் குருணை மேல் தெளித்தேன். காய்ந்ததும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, தண்ணீரில் போட்டால் ஒரு மணி நேரத்தில் வெறும் தோல்தான் மிஞ்சுகிறது. ஆனால் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருளின் அளவைக் காட்டும் கருவி) ஏறவே இல்லை! அப்படியென்றால் யூரியா எங்கே போனது? தாவரப் பொருள் பூச்சுதான் வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம்.

உரமூட்டை:
யூரியா தண்ணீரில்தான் இருக்கிறது, மீட்டருக்குத்தான் தெரியாது. அது அளப்பது மின்கடத்தலை. யூரியா அயனியாக, அதாவது மின்னூட்டமுள்ள துகளாகப் பிரியாது, அதனால் மொத்தமும் கரைந்தாலும் எண் ஏறாது. எடை போட்ட குருணையை வலைப்பையில் கட்டித் தண்ணீரில் விட்டு, எடுத்து நன்றாகக் காயவைத்து மறுபடி எடை போடுங்கள்.

பூச்சு விஷயம் வேறு. ஸ்டார்ச், கிளிசரின் இரண்டுமே தண்ணீரை இழுப்பவை. அதைவிடச் சிக்கல் கஞ்சியில் இருக்கும் தண்ணீர்: 20 டிகிரியில் 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ யூரியாவைத் தாராளமாகக் கரைத்துவிடும், எனவே தெளிக்கும்போதே குருணையின் மேல்பரப்பு கரைந்து பூச்சோடு கலந்து காய்கிறது. குருணை ஒட்டுவதும் அதனால்தான். பிறகு நனைந்ததும் அந்த யூரியா முதலில் கரைந்து பூச்சு முழுக்க ஓட்டை.

செடிக்கூடை:
சரி, அப்போ எண்ணெய்? விளக்கெண்ணெய் கைவசம் இருக்கிறது.

உரமூட்டை:
அது தானாகக் காயாது, பிசுபிசுப்பாகவே இருக்கும். ஐசோசயனேட் என்ற ரசாயனம் சேர்த்தால் இறுகும், ஆனால் அப்புறம் அது பாலியூரித்தேன், நீங்கள் வேண்டாம் என்ற பிளாஸ்டிக்தான், போதாததற்கு அந்த ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. ஆளிவிதை எண்ணெயோ டங் மரக் கொட்டை எண்ணெயோ காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானே படலமாகும். தூளையும் உடைசலையும் சலித்துவிட்டு, உருண்டையான பெரிய குருணையாக எடுத்து, மெல்லிசாக ஒரு கை பூசி, காய்ந்த பிறகு அடுத்தது. ஒரேயடியாக ஊற்றினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள்.

வேப்பங்கொட்டை:
வேப்பெண்ணெய் பூசிய யூரியாவை இதோடு குழப்ப வேண்டாம். அது கரைவதைத் தடுப்பதில்லை, மண்ணில் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கிறது. டம்ளர் தண்ணீரில் சோதித்தால் ஒன்றும் தெரியாது.

செடிக்கூடை:
எவ்வளவு கரைந்தால் பூச்சு தேறியது என்று சொல்லலாம்?

உரமூட்டை:
ஐரோப்பாவில் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு: 25 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரத்தில் 15 சதவீதத்துக்கு மேல் வெளிவரக்கூடாது, 28 நாளில் 75 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முதல் நாளுக்குள் பாதி போய்விட்டால் விரிசலைத் தேடுங்கள், பூசாத குருணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.