பின்பால் மெஷினில் இடது ஃபிளிப்பர் சோர்ந்துபோகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சிகாகோ பக்கம் இருக்கிறேன். வீட்டில் காசு போட்டு ஆடும் பின்பால் மெஷின் ஒன்று உண்டு. 1970களில் செய்தது, சர்க்யூட் போர்டு கிடையாது, எல்லாம் ரிலேயும் சுவிட்சும்தான்.

இடது ஃபிளிப்பர், அதாவது பந்தை அடிக்கும் மட்டை, தொடக்கத்தில் நன்றாக அடிக்கிறது. அரை மணி நேரம் ஆடினால் பந்து மேல்வரை போவதில்லை, மட்டையை இயக்கும் காயிலும் (கம்பிச் சுருள்) கை வைக்க முடியாத சூடு. வலது பக்கம் ஒரு குறையும் இல்லை. அதனால் டிரான்ஸ்ஃபார்மர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்தக் காயிலில் இரண்டு சுற்று: அடிப்பதற்குத் தடித்த கம்பி, பொத்தானை அழுத்திப் பிடிக்கும்போது தாங்குவதற்கு மெல்லிய கம்பி. மட்டை மேலே போனதும் எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக் சுவிட்ச் திறந்து, மெல்லிய சுற்றையும் சேர்த்து மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும். திறக்காவிட்டால் காயில் வெந்துவிடும். சுவிட்ச் முனை கருகியிருந்தால் அடி வலுவிழக்கும். முனைகளை மெல்லிய அரத்தால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். பிளஞ்சர் (காயிலுக்குள் இழுக்கப்படும் இரும்புத் தண்டு) ஓடும் ஸ்லீவும் (உறைக்குழாய்) புதுசு. ஆனாலும் அதே கதை.

சுவிட்ச் திறக்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் வைத்திருக்கிறேன். போதுமா? பிளஞ்சர் மோதி நிற்கும் காயில் ஸ்டாப் தேய்ந்திருந்தால் இப்படி ஆகுமா? அப்புறம், காயிலின் ஒரு வயரைக் கழற்றி மின்தடையை (ஓம்) அளந்து வலதோடு ஒப்பிட்டால் உள்ளே ஷார்ட் இருப்பது தெரியுமா, இல்லை சூடான பிறகுதான் அளக்க வேண்டுமா?

புது காயில் வாங்கிவிடலாம். காரணம் தெரியாமல் மாற்றினால் அதுவும் எரியும் என்றுதான் தயங்குகிறேன். 1947இல் ஃபிளிப்பர் வந்த பிறகுதான் இது கைத்திறமை ஆட்டமானது. அந்த மட்டை சரியாக அடிக்காவிட்டால் ஆடவே மனம் வரவில்லை.

வயரிங் படம் இருக்கிறது, கேட்டால் போடுகிறேன்.