மாசம் 35,000-க்கு மூணு மாச காண்ட்ராக்ட்: கண்ணை மூடிட்டு எடுக்கலாமா?

பெருங்குடிவாசி:
நேத்து இந்தக் குழுவில் கோவை_நூல் ஒரு தம்பிக்குச் சொன்ன பதிலைப் படிச்சதிலிருந்து மனசு ஆறல. அந்தத் தம்பி சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஆறு வருஷம் இருந்தவர். கையில் 72,000 வாங்கிட்டிருந்தார். ஜூன்ல லேஆஃப். இப்போ மூணு மாச காண்ட்ராக்ட், மாசம் 35,000, நாளைக்குள்ள பதில் சொல்லணும், போகலாமான்னு கேட்டார். கோவையார் ஒரே வரியில் முடிச்சுட்டார்: "வீட்டில் சும்மா இருக்கிறதுக்கு இது மேல், கண்ணை மூடிட்டு எடுங்க."

கண்ணை மூடிட்டு வாங்க இதென்ன கோயில் பிரசாதமா? அந்த 35,000 யுஏஎன்ல, அதாவது எந்தக் கம்பெனி மாறினாலும் கூடவே வர்ற பிஎஃப் எண்ல, ஏறிடும். அடுத்த கம்பெனி ஹெச்ஆர் பிஎஃப் பாஸ்புக் கேட்பாங்க. சம்பளம் அதிலேயே இருக்கு. "35,000-க்கு மேல 30 சதவீதம் போட்டு 45,500 தர்றோம்"னுதான் பேச்சே ஆரம்பிக்கும். 72,000 கணக்கிலேயே வராது. 2020 ஊரடங்குல நானும் இப்படித்தான் 28,000-க்கு நாலு மாசம் போனேன். அந்தப் பள்ளத்திலிருந்து ஏற எனக்கு மூணு வருஷம் ஆச்சு.

கோவை_நூல்:
அண்ணே, உங்க 2020 கதையை இதோட எத்தனையாவது தடவை கேட்கிறோம்? அப்போ யாருக்குத்தான் வேலை இருந்துச்சு? பாஸ்புக்ல சம்பளம் இருக்குன்னு பயமுறுத்தாதீங்க. பிஎஃப் தளத்துல சர்வீஸ் ஹிஸ்டரியில் கம்பெனி பேரு, சேர்ந்த தேதி, விலகின தேதி இருக்கும். அவ்வளவுதான்.

பெருங்குடிவாசி:
நான் சர்வீஸ் ஹிஸ்டரியைச் சொல்லல, பாஸ்புக்கைச் சொன்னேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் ஊருக்கு யோசனை சொல்றார். பாஸ்புக்கைத் திறந்து பாருங்க, ஊதியம்னு தனிப் பத்தி (மேலிருந்து கீழா ஒரு வரிசை) இருக்கு.

பேரோல்_பாண்டி:
பதினாலு வருஷமா பேரோல் போடுறவன் சொல்றேன், கேளுங்க. பத்தி இருக்கு, ஆனா அது பிஎஃப் கட்டுற ஊதியம், முழுச் சம்பளம் இல்ல. நிறைய கம்பெனி 15,000 உச்சவரம்புக்குத்தான் கட்டுது. 35,000 வாங்கினாலும் 72,000 வாங்கினாலும் அங்க 15,000-தான் நிற்கும். உங்ககிட்ட 1,800 பிடிப்பாங்க, கம்பெனி பங்கில் 1,250 பென்ஷனுக்கும் 550 பிஎஃப்புக்கும் போகும். இதை வச்சு யார் சம்பளத்தையும் கண்டுபிடிக்க முடியாது.

பெருங்குடிவாசி:
முழு பேசிக்குக்கும், அதாவது அடிப்படைச் சம்பளத்துக்கும், கட்டுற கம்பெனி இல்லையா? என் பாஸ்புக்ல அசல் பேசிக் அப்படியே இருந்துச்சு. 15,000 இல்ல. ஊதியப் பத்தி இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டாச்சு. நன்றி.

பேரோல்_பாண்டி:
நான் எதையும் ஒத்துக்கல. பாதியைப் படிச்சிட்டு நன்றி சொல்லாதீங்க. அதை விடுங்க, முதல்ல அந்தத் தம்பி சொல்லட்டும், இது எந்த வகை காண்ட்ராக்ட்? கம்பெனியே குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்குதா, வேற ஏஜென்சி சம்பளம் போடுற தேர்ட் பார்ட்டி பேரோலா, இல்ல பில் போட்டுக் காசு வாங்குறதா? பிஎஃப் பிடிக்கிறாங்களா?

கோவை_நூல்:
எந்த வகையா இருந்தா என்ன? 35,000 கைக்கு வருதுல்ல. ஆறு மாசம் கேப் விழுந்தா அதுக்கு எந்தப் பத்தியில் பதில் எழுதுவீங்க?

தேனி_மகள்:
நானும் சொல்லலாமா? பிரசவத்துக்கு அப்புறம் எனக்கு ரெண்டரை வருஷ இடைவெளி. 22,000-க்கு நாலு மாச காண்ட்ராக்ட் போனேன். அடுத்த இன்டர்வியூவில் பழைய பேஸ்லிப் கேட்டாங்க. இடைவெளிக்கு முன்னாடி வாங்கின சம்பளத்தின் ஸ்லிப்பையும் சேர்த்துக் கொடுத்தேன், அதை வச்சுத்தான் பேசினாங்க. என்னைப் படுத்தினது சம்பளம் இல்ல. நாலு மாச வேலைக்கு, விலகணும்னா முப்பது நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும்னு ஒரு வரி போட்டிருந்தாங்க. நல்ல வேலை ஒண்ணு கிடைச்சும், அவங்க சொன்ன தேதிக்குள்ள என்னால சேர முடியல. தம்பி முதல்ல அந்த வரியைப் பாருங்க. இன்டர்வியூவுக்குப் போக விடுவாங்களான்னும் கேளுங்க.

பெருங்குடிவாசி:
சகோதரி, உங்களுக்கு நடந்தது விதிவிலக்கு. முன்னாடி வாங்கினதைப் பார்த்தாங்கன்னா நல்ல மனுஷங்க. எல்லாரும் அப்படி இல்ல. பத்தி அங்கேயே இருக்கு, பார்க்கிறவன் பார்ப்பான்.

தேனி_மகள்:
விதிவிலக்கா? உங்களுக்கு நடந்தா அது ஊர் வழக்கம், எனக்கு நடந்தா விதிவிலக்கா? நோட்டீஸ் விஷயமா நான் கேட்டதுக்கு ஒருத்தரும் வாய் திறக்கல.

கோவை_நூல்:
அக்கா கேட்டது சரியான கேள்வி. அண்ணனுக்குத் தன் பாஸ்புக்கைத் தவிர வேற புத்தகமே தெரியாது.

விரிவுரையாளர்:
மூணு மாசத்துக்கு இவ்வளவு சண்டை போடுறீங்க. நான் அரசுக் கலைக் கல்லூரியில் பதினொரு வருஷமா கௌரவ விரிவுரையாளர். தற்காலிகம்னு சொல்லித்தான் எடுத்தாங்க. பாட வேளைக்கு 1,500, மாசம் 50,000 வரைன்னு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2019-லயே சொல்லிடுச்சு. இங்க அதில் பாதிதான், அதுவும் மே மாசம் கிடையாது. குறைஞ்ச சம்பளத்துக்கு ஒரு தடவை தலையாட்டினா அதுதான் உங்க விலைன்னு ஆயிடும். தம்பி, போகாதீங்க.

பெருங்குடிவாசி:
பாருங்க, படிச்சவர் சொல்றார். அதுதான் உங்க விலை! நான் காலையிலிருந்து கத்துறதும் அதுதான்.

கோவை_நூல்:
ஐயா மன்னிக்கணும், கல்லூரி வேற, ஐடி வேற. உங்க கோரிக்கை நியாயம்தான், ஆனா அதை இங்க கொண்டுவந்து அண்ணனுக்கு வலு சேர்க்காதீங்க. பிஎச்டி முடிச்சவங்க வேலையை விடாம பதினொரு வருஷம் ஏன் இருக்கீங்க? இல்லாததுக்கு இது மேல்னுதானே?

விரிவுரையாளர்:
அப்படியெல்லாம் பேசாதீங்க. பிள்ளைங்க முகத்துக்காக இருக்கேன். முதல் தலைமுறையாப் படிக்க வர்ற பிள்ளைங்களை நடு வருஷத்தில் விட்டுட்டுப் போக எனக்கு மனசு வராது. ஊசி நூலுக்கு இது புரியாது.

கோவை_நூல்:
ஊசி நூலா? பேரை வச்சுப் பேசுற அளவுக்கு வந்தாச்சா? எங்கப்பா மில் தொழிலாளி. மில் மூடின பிறகு கிடைச்ச கூலிக்குப் போனவர். 35,000 அவமானம்னு சொல்ற வசதி எங்க வீட்டில் யாருக்கும் இருந்ததில்ல.

பெருங்குடிவாசி:
அவமானம்னு யாருங்க சொன்னா? கணக்குன்னு சொன்னேன். எங்கப்பாவும் டைடல் பார்க் முதலாளி இல்ல, அங்க கட்டட வேலைக்குப் போனவர். வறுமையைக் காட்டி வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீங்க. மூணு மாசம் பொறுத்தா 72,000-ஐ வச்சுப் பேசலாம், பொறுக்கலைன்னா 35,000-ஐ வச்சுப் பேசணும். பத்தி பேசும்.

பேரோல்_பாண்டி:
பத்தி 15,000-னு பேசும்.

பெருங்குடிவாசி:
எல்லா கம்பெனியிலும் இல்ல.

பேரோல்_பாண்டி:
பெரும்பாலும் அப்படித்தான்.

பெருங்குடிவாசி:
சரி, பத்தியை விடுங்க. அதே நிதியாண்டில் புதுக் கம்பெனியில் சேரும்போது வரிக்காக ஒரு படிவம் கொடுக்கச் சொல்வாங்களே? முன்ன வாங்கின சம்பளம் அதில் இருக்காதா?

பேரோல்_பாண்டி:
அது ஆஃபர் கைக்கு வந்து, சேர்ந்த பிறகு வரிக் கணக்குக்காகக் கொடுக்கிறது. பேரம் முடிஞ்சாச்சு. இதைக்கூடச் சொல்லித்தரணுமா?

ஜூன்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். என்னால இவ்வளவு பேச்சு வரும்னு நினைக்கல. பாண்டி சார் கேட்டதுக்காக மெயிலைத் திரும்பப் படிச்சேன். பிஎஃப்னு ஒரு வார்த்தைகூட இல்ல. மாசாமாசம் இன்வாய்ஸ் போடணும், 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வரியை முன்கூட்டியே, பிடிச்சுட்டு மீதி வரும்னு இருக்கு. அக்கா சொன்ன நோட்டீஸ் வரியும் இருக்கு, பதினைந்து நாள். வேளச்சேரி வாடகை 16,000. அம்மாவுக்கு மாத்திரை வேற. சேமிப்பு செப்டம்பர் வரைக்கும் தாங்கும். நாளைக்குப் பதினோரு மணிக்குப் பதில் சொல்லணும்.

பேரோல்_பாண்டி:
போச்சு. அப்போ இது சம்பளமே இல்ல, தொழில் கட்டணம். பிஎஃப் கிடையாது, யுஏஎன்ல ஒரு எழுத்துகூட ஏறாது. காலையிலிருந்து இல்லாத பத்திக்குச் சண்டை போட்டிருக்கோம். தம்பி, பிடிக்கிற டிடிஎஸ்ஸை வரி ரிட்டர்ன் போட்டு வாங்கப் பாருங்க, விட்டுடாதீங்க.

தேனி_மகள்:
பதினைந்து நாள்னா பரவாயில்ல தம்பி. அதையும் ஏழு நாளாக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க.

கோவை_நூல்:
கேட்டுச்சா அண்ணே? எழுத்துகூட ஏறாதாம்.

பெருங்குடிவாசி:
ஏறாதா? டிடிஎஸ் பிடிச்சா வருமான வரித் துறையோட வரி அறிக்கையில கம்பெனி பேரோட, கொடுத்த தொகையோட வரும். பழைய வேலையைச் சரிபார்க்கிற ஏஜென்சிகள் அதையும் கேட்கிறாங்க.

கோவை_நூல்:
எந்த ஹெச்ஆர் வரி அறிக்கையைப் பார்த்துச் சம்பளம் பேசினான்? ஒரு ஆளைக் காட்டுங்க.

பெருங்குடிவாசி:
எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேருக்கு நடந்திருக்கு. தொகைக்குத் தனிப் பத்தியே இருக்கு, திறந்து பாருங்க.

பேரோல்_பாண்டி:
மறுபடியும் பத்தியா?

பெருங்குடிவாசி:
ஆமா. பத்திதான்.