பிலிப்பைன்ஸ் தேசிய நினைவிடங்கள்: மறுபடி கட்டப்பட்ட இடத்தில் நின்றபோது நீங்கள் உணர்ந்தது என்ன?

தொடக்கப் பதிவு (மணிலாவில் பணிபுரிபவர்)

நான் மணிலாவுக்குப் பணிக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்நாட்டு மக்கள் ‘டம்பானா’ என்று வழங்கும் நினைவிடங்களுள் சிலவற்றை இதற்குள் பார்த்திருக்கிறேன். பார்த்தபோதெல்லாம் ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டாம் உலகப் போர் இந்நகரைத் தரைமட்டமாக்கியதால், இங்கே நாம் வணங்கி நிற்கும் சுவர்களில் பல 1945க்குப் பிறகு எழுப்பப்பட்டவை. அப்படிப்பட்ட இடத்தில் நிற்கும்போது வரலாற்றின் அருகே நிற்பதாக உங்களுக்குத் தோன்றியதா? முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மணிலாவின் சாந்தியாகோ கோட்டையில்தான், பிலிப்பைன்ஸின் தேசிய வீரராகப் போற்றப்படும் எழுத்தாளர் ஹோசே ரிசால், ஸ்பானிய ஆட்சியில் 1896 நவம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் 29 வரை சிறை வைக்கப்பட்டிருந்தார். மறுநாள் விடியற்காலையில், முழங்கைகள் பின்புறம் கட்டப்பட்ட நிலையில், அங்கிருந்து அன்று பாகும்பாயன் எனப்பட்ட திடலுக்கு, சுட்டுக் கொல்லப்படுவதற்காக அவர் நடந்தே சென்றார். அந்தத் திடல்தான் இன்றைய லுனேட்டா. அவர் நடந்த வழியைக் காட்டுவதற்காகத் தரையில் வெண்கலக் காலடிகளைப் பதித்திருக்கிறார்கள். சென்ற டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை, அலுவலகத்தில் நான் ‘குயா’ என்று அழைக்கும், என்னைவிட மூத்த பிலிப்பினோ நண்பருடன் அந்தக் காலடிகளைத் தொடர்ந்து நடந்தேன். கோயில் வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்வோமே, அதைப் போல அவர் ஒரு காலடியின் மீதும் கால் படாமல் ஓரமாகவே நடந்துவந்தார். நானோ முதல் சில அடிகளை மிதித்தே விட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானே விலகி அவர் பக்கம் சென்றேன்.

சாலையைக் கடக்குமிடங்களில் ஜீப்னி எனப்படும் சிறு பேருந்துகளுக்காக நிற்க நேர்ந்தது. அப்படி நின்ற ஓரிடத்தில்தான், சுடுவதற்கு முன்வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் ஸ்பானியப் படையில் பணியாற்றிய பிலிப்பினோ வீரர்கள் என்றும், அவர்கள் தயங்கினால் அவர்களையே சுடுவதற்குப் பின்னால் ஸ்பானிய வீரர்கள் நின்றார்கள் என்றும் குயா சொன்னார். முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது ரிசாலுக்கு இடப்பட்ட கட்டளை. குண்டுகள் பாய்ந்த கணத்தில் அவர் உடலைத் திருப்பி, முகம் வானை நோக்கும்படி விழுந்தார். அப்போது அவருக்கு வயது 35.

நாங்கள் நடந்த பாதையில் பதித்திருந்த ஒரு காலடியும் ரிசாலுடையது அன்று என்பதை நான் அறிவேன். ஆனாலும் குயா அவற்றை மிதிக்கவில்லை. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் உங்களிடம் நான் கேட்பது.

கவீத்தே மாகாணத்தில் வசிக்கும் ஆசிரியை

ஐயா, உங்கள் நண்பர் செய்ததை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். திருமணமாகி இங்கு வந்த எனக்கு, கவிட்டில் உள்ள, விடுதலைப் புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோவின் வீடு பேருந்தில் போய்வரும் தொலைவில்தான் இருக்கிறது. 1898 ஜூன் 12 அன்று ஸ்பெயினிடமிருந்து விடுதலை அறிவிக்கப்பட்டது அந்த வீட்டில்தான். ஹாங்காங்கில் மார்சேலா அகோன்சில்யோ என்ற அம்மையார், தம் மகளும் ரிசாலின் உறவுப் பெண் ஒருவரும் துணையிருக்கத் தைத்த கொடி அன்று அங்கே விரிக்கப்பட்டது. ஹூலியான் பெலிப்பே இயற்றிய இசையை வாத்தியக் குழு வாசித்தது. இன்றைய தேசிய கீதத்தின் மெட்டு அதுதான். அன்று அதற்குப் பாடல் வரிகள் இருக்கவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 12 விழாவில் வீட்டின் முன்புற உப்பரிகையைத்தான் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். முதன்முறை சென்றபோது நானும் அதையே பார்த்துக் கண்கலங்கினேன். பிறகு உள்ளே சென்றபோது, அந்த உப்பரிகை 1898இல் இருக்கவில்லை என்றும், அகினால்டோ பின்னாளில் வீட்டைப் பெரிதாக்கியபோது சேர்த்தது என்றும், அறிவிப்பு ஒரு சன்னலிலிருந்துதான் செய்யப்பட்டது என்றும் வழிகாட்டி விளக்கினார். நான் ஏமாந்துபோனதாக நினைக்கவில்லை. மாறாக, ஒரு நாட்டின் பிறப்பை அறிவிக்க ஒரு சன்னல் போதுமானதாக இருந்தது என்ற எண்ணம் அந்த வீட்டின்மேல் எனக்கிருந்த மதிப்பைக் கூட்டியது. அகினால்டோ 1963இல், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, அந்த வீட்டை அரசுக்கு அளித்தார். அவரது கல்லறை வீட்டின் பின்புறத்திலேயே இருக்கிறது.

காலம்பாவையும் நீங்கள் பார்க்க வேண்டும். ரிசால் 1861இல் பிறந்த வீடு அங்கே இருந்தது. இப்போது நிற்பது 1950இல் திறக்கப்பட்ட மறுகட்டுமானம். அதைக் கட்டுவதற்கு நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் காசு கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பி ஓடுகளைச் சதுரம் சதுரமாகப் பதித்த சன்னல்களின் வழியே வரும் ஒளி பால்போல் வெண்மையாக இருக்கும். முற்றத்துக் கிணறு மட்டுமே பழையது என்று வழிகாட்டி சொன்னதும், என்னுடன் வந்த மாணவர்கள் அத்தனை பேரும் கிணற்றடிக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. பிள்ளைகளின் காசில் எழுந்த வீடு எனக்குப் போதுமான அளவுக்கு உண்மையாக இருந்தது.

தூத்துக்குடியைச் சேர்ந்த கப்பல் பொறியாளர்

ஆசிரியை அம்மாவின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் நான் கண்டது வேறு. கல்லும் உலோகமும் அசலாகவே இருந்தாக வேண்டும் என்று ஒரு ஊரே நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்ததை நான் நேரில் அறிந்தேன்.

எங்கள் கப்பலில் இருந்த போசன் (மேல்தளப் பணியாளர்களின் தலைவர்) கிழக்குச் சாமார் மாகாணத்தைச் சேர்ந்தவர். 2018 டிசம்பரில் நாங்கள் நடுக்கடலில் இருந்தோம். ஒருநாள் இரவு உணவு வேளையில் கைப்பேசியைப் பார்த்தபடியே அவர் எழுந்து வெளியே போனார். பின்தொடர்ந்து சென்று பார்த்தபோது அழுதுகொண்டிருந்தார். வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அஞ்சினேன். “மணிகள் வந்துவிட்டன” என்று மட்டும் சொன்னார்.

1901 செப்டம்பர் 28 அன்று அந்த மாகாணத்துப் பலாங்கிகா ஊர் மக்கள், ஸ்பெயினுக்குப் பின் நாட்டைப் பிடித்துத் தங்கள் ஊரில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையினரைத் தாக்கி 48 பேரைக் கொன்றார்கள். தேவாலய மணி ஓசைதான் அதற்கு அடையாளம். பதிலுக்கு ஊர் எரிக்கப்பட்டது. பத்து வயதுக்கு மேற்பட்ட, ஆயுதம் ஏந்தக்கூடிய எவரையும் கொல்லலாம் என்று ஜேக்கப் ஸ்மித் என்ற தளபதி ஆணையிட்டார். மூன்று மணிகளையும் வெற்றிப் பொருளாக எடுத்துச் சென்றார்கள். இரண்டு மணிகள் வயோமிங் மாநிலத்தில் ஒரு படைத்தளத்திலும், ஒன்று கடைசியாகத் தென் கொரியாவில் இருந்த அமெரிக்கப் படைப்பிரிவிடமும் இருந்தன. 2018 டிசம்பர் 11 அன்று மூன்றும் மணிலாவில் வந்திறங்கின. 15ஆம் தேதி ஊர்போய்ச் சேர்ந்தன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலிகள் 16ஆம் தேதி தொடங்கும் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த நாளின் அருமை புரியும்.

பிறகு ஒரு விடுமுறையில் போசன் என்னைத் தம் ஊர்ப்பக்கம் அழைத்துச் சென்றார். தக்லோபானிலிருந்து வேனில், சான் ஹுவானிக்கோ பாலத்தைக் கடந்து போனோம். அங்கே இன்று நிற்கும் தேவாலயம் பிற்காலத்தது. அதைக் குறித்து யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. மணிகளின் அருகே போனதும் போசன் தொப்பியைக் கழற்றினார். தொட்டுப் பார்க்கும்படி என்னிடம் சைகை செய்தார். வெயில் பட்ட வெண்கலம் உள்ளங்கையைச் சுட்டது. அந்த மணிகளுக்குப் பதிலாகப் புதிதாக வார்த்த மணிகளை அமெரிக்கா அனுப்பியிருந்தால், அன்று கப்பலில் அந்த மனிதர் அழுதிருக்க மாட்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வரலாற்று மாணவர்

நம்மோடு தொடர்புள்ள ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மணிலாவின் பழைய கோட்டை நகரான இன்ட்ராமுரோஸ் மதிலின் தென்மேற்கு மூலையில் சான் டியேகோ கொத்தளம் இருக்கிறது. கூட்டமில்லாத, தோட்டத்தோடு கூடிய இடம். 1762 அக்டோபரில் மணிலாவைப் பிடித்த ஆங்கிலேயப் படை அந்தப் பக்கத்தைத்தான் பீரங்கியால் உடைத்தது. அந்தப் படை புறப்பட்ட இடம் நம் சென்னைப் பட்டணம். வில்லியம் டிரேப்பர் தலைமையில் சென்ற அப்படையில் சென்னையிலிருந்து போன சிப்பாய்களும் இருந்தார்கள். 1764இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே உள்ள கைன்டாவில் குடியேறி, அவ்வூர்ப் பெண்களை மணந்துகொண்டார்கள்.

சான் டியேகோவைப் பார்த்துவிட்டு அடுத்த வாரமே கைன்டாவுக்குச் சென்றேன். தேங்காய் சேர்த்துச் சுடும் பிபிங்கா என்ற அரிசிப் பணியாரத்துக்குப் பேர்போன ஊர் அது. பணியாரம் விற்ற அம்மையார் என் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, தம் பாட்டியின் முன்னோரும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்றார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எந்தக் கல்வெட்டின் முன்னும் நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

மற்றோர் உறுப்பினர்

தார்லாக் மாகாணத்தின் கப்பாஸ் நினைவிடத்தில் 70 மீட்டர் உயரத் தூண் எழுப்பியிருக்கிறார்கள். 1942 ஏப்ரலில் பத்தானில் ஜப்பானியரிடம் சரணடைந்து, நடத்தியும் இடையில் இரயிலில் ஏற்றியும் கொண்டுவரப்பட்ட கைதிகளின் முகாம் இருந்த இடம் அது. என் நினைவில் நிற்பது அந்தத் தூணன்று. கைதிகளை நிற்க இடமின்றி அடைத்துவந்த வகையைச் சேர்ந்த சரக்கு இரயில் பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது. நான் சென்றதும் ஏப்ரலில்தான். கதவருகே நின்றபோதே அனல் அடித்தது. உள்ளே தலையை நீட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

தொடக்கப் பதிவு எழுதியவர்

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதிவுகளைப் படித்த பிறகு குயாவையே நேரில் கேட்டுவிட்டேன். விடை சொல்லாமல், சனிக்கிழமை பாகோவுக்கு வரும்படி கூறினார்.

பாகோ பூங்கா ஒரு காலத்தில் இடுகாடாக இருந்தது. வட்டமான இரட்டை மதிலும், அதில் உடல்களை வைப்பதற்கான மாடங்களும் இன்றும் இருக்கின்றன. சுட்டுக் கொன்ற பிறகு ரிசாலின் உடலைப் பெட்டிகூட இல்லாமல், பெயர் எதுவும் பொறிக்காமல் இரகசியமாக இங்கே புதைத்தார்கள். அவருடைய தமக்கை நார்சிசா ஒவ்வோர் இடுகாடாகத் தேடி அலைந்து, இங்கே புதிதாகத் தோண்டிய மண்ணைக் கண்டுபிடித்தார். காவலர்களுக்குப் புரியாதபடி, தம்பியின் பெயரின் முதலெழுத்துகள் மூன்றையும் தலைகீழாக வரிசை மாற்றிப் பொறித்த சிறு பளிங்குக் கல்லை அங்கே வைக்கச் செய்தார். 1898 ஆகஸ்டில் எலும்புகளைத் தோண்டியெடுக்கும்வரை அந்தக் கல்தான் அடையாளம். 1912 டிசம்பரில் அவை லுனேட்டாவுக்குப் போய்விட்டன. ஆகவே பாகோவில் இப்போது இருப்பது ஒரு சிலுவையும் வெறும் மண்ணும்தான்.

குயா அந்த மண்ணையும் சுற்றிக்கொண்டே நடந்தார். இந்த முறை நானும் அவர் பின்னாலேயே நடந்தேன்.