பழைய ஜீப்புக்கு இரும்பு டிஸ்க் தேடுகிறேன்: பின்னால் ஏறுகிறது, முன்னால் உட்காரவில்லை

தங்கச்சிமடம் ஜீப்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய வில்லிஸ் மாடல் மகிந்திரா ஜீப், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலில் ஆள் ஏற்றிப் போன வண்டி. 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்ததும் அந்த ஓட்டம் நின்றுபோய், வண்டி வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் நின்றுவிட்டது. போன வருஷம் கையில் எடுத்தேன். இன்ஜின் முடிந்தது, பாடி நானே வெட்டி ஒட்டி வேறு மாதிரி செய்திருக்கிறேன், இப்போது சக்கரத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பழைய 16 அங்குல டிஸ்க்கை, அதாவது டயர் ஏறும் இரும்புச் சக்கரத்தை, பஞ்சர் கடையில் கழற்றினால் டயர் உட்காரும் விளிம்பிலிருந்து துரு செதில் செதிலாக இரண்டு கை அள்ளும் அளவுக்குக் கொட்டியது. டியூப் அந்த இடத்தில் உரசி உரசிக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. அதனால் 15 அங்குலத்துக்கு மாறிவிடலாம் என்று ஒரு காயலான் கடையில் ஐந்து ஓட்டை டிஸ்க் இரண்டு வாங்கினேன், ஜீப்புக்கு அப்படியே சேரும் என்றார்கள். பின்பக்கம் ஏறிவிட்டது. முன்பக்கம் ஓட்டை சரியாக இருந்தும் நடுவில் ஹப் (சக்கரம் மாட்டும் அச்சு முனை) இடிக்கிறது, விரல் நுனி அளவு இடைவெளி விட்டு நின்றுவிடுகிறது. எந்த வண்டியில் கழற்றியது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. இன்னொன்று, முன் இடது சக்கரத்தில் ஒரு நட்டு கழலவே மாட்டேன் என்கிறது, குழாய் போட்டு ஏறி நின்றும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பாம்பன் பட்டறை:
தம்பி, முதலில் அந்த நட்டை விடு, இன்னும் ஏறி நிற்காதே, நட்டு ஏறும் திருகுக் கம்பி, அந்த ஸ்டட், முறிந்துவிடும். பழைய வில்லிஸ் வகையில் இடது பக்கச் சக்கரத்துக்கு லெஃப்ட் திரெட், அதாவது எதிர்ப்பக்கம் சுற்றும் மரை, வரும். ஸ்டட்டின் தலையைத் துணியால் துடைத்துப் பார், எல் என்று பொறித்திருக்கும். நீ இவ்வளவு நேரம் முறுக்கியது இறுக்குகிற பக்கம். டீசலோ துரு எண்ணெயோ ஊற்றி ராத்திரி விட்டுவிட்டு, காலையில் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பு, கழலும்.

டிஸ்க் விஷயத்தில் ஓட்டை சேர்ந்துவிட்டது என்றால் பாதி வேலைதான் முடிந்தது. உன் ஜீப் ஐந்து ஓட்டை, அவற்றின் நடுப்புள்ளிகள் வழியே போகும் வட்டம் 139.7 மில்லி குறுக்களவு. பக்கத்துப் பக்கத்து ஓட்டை இரண்டின் இடது ஓரத்திலிருந்து இடது ஓரம் வரை அளந்தால் 82 மில்லி வரவேண்டும், அதை 1.7-ஆல் பெருக்கினால் வட்டம் கிடைக்கும். 67 வந்தால் அது 114.3 வட்டம், கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடு. நடு ஓட்டைதான் உன் பிரச்சினை. முன்பக்க ஹப் வெளியே நீண்டிருக்கும், அதற்கு 108 மில்லி வாய் வேண்டும். பின்பக்கம் அவ்வளவு நீளாது, அதனால்தான் அங்கே ஏமாற்றி ஏறிவிட்டது.

உச்சிப்புளி:
நடு ஓட்டையைக் கேஸ் கட்டரில் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டால் முடிந்ததே? எங்கள் ஊரில் டிராக்டர் டிரெய்லருக்கு அப்படித்தான் செய்தார்கள்.

பாம்பன் பட்டறை:
டிரெய்லர் வேறு, ஆள் ஏறுகிற வண்டியின் முன் சக்கரம் வேறு. அந்த நடு வாயைச் சுற்றி மடித்து விட்டிருக்கும் உதடுதான் தகட்டை வளையாமல் பிடித்திருக்கிறது, அதை அறுத்தால் நட்டு ஓட்டைப் பக்கம் விரிசல் விடும். சூடு பட்டால் தகடும் கோணும். என் பட்டறையில் அப்படிக் கொண்டுவந்த ஒன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நடுவில் ஸ்பேசர் என்கிற இடைத்தகடு வைத்துத் தள்ளி மாட்டவும் வேண்டாம்.

கீழக்கரை:
பட்டறைக் காக்கா சொல்வது சரி. தம்பி, அந்த இரண்டையும் கொடுத்துவிட்டு மாருதி ஜிப்ஸி டிஸ்க் தேடுங்கள். அதே ஐந்து ஓட்டை, 139.7, நடு வாய் 108, பதினைந்து அங்குலம். நம் மாவட்டத்தில் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் உப்புக் காற்று தின்றதாக இருக்கும். மதுரை, இல்லாவிட்டால் பழைய உதிரிபாகம் விற்கும் சென்னை புதுப்பேட்டை. கடலை ஒட்டி நிற்காத வண்டியின் டிஸ்க்கே மேல்.

டயர் போட்டுக் கொடுக்கிறேன் என்றாலும் கழற்றச் சொல்லிப் பாருங்கள், துரு வெளியே தெரியாது, டயருக்குள்தான் இருக்கும். விளிம்பில் நகத்தால் கீறினால் பள்ளம் தட்டுப்பட்டால் வேண்டாம், டியூப்லெஸ் போட்டால் அதன் வழியே காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். நட்டு ஓட்டை முட்டை வடிவமாக இழுத்திருக்கிறதா, வெல்டு ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் முகப்பைக் கீழே கவிழ்த்து, பின் விளிம்பின் மேல் நேர்க் கம்பி ஒன்றை வைத்து, கம்பியிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை எவ்வளவு ஆழம் என்று அளந்து, உங்கள் பழைய டிஸ்க்கின் அளவோடு ஒப்பிடுங்கள். ஆழம் கூடினால் டயர் உள்ளே போய் ஸ்டியரிங் ராடில் உரசும், குறைந்தால் மட்கார்டை விட்டு வெளியே வரும்.

தங்கச்சிமடம் ஜீப்:
அண்ணே, நட்டு கழன்றுவிட்டது! எல் என்றுதான் இருந்தது, பெயிண்டுக்கு அடியில். டயர் எந்த சைஸ்?

கீழக்கரை:
215/75 ஆர் 15 போடுங்கள். உயரம் 703 மில்லி வரும், உங்கள் பழைய 6.00-16 டயர் அதைவிடச் சற்று உயரம், அதனால் ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூடக் காட்டும், அவ்வளவுதான். 235/75 உயரத்துக்குச் சேரும், ஆனால் ஐந்தரை அங்குல அகலமுள்ள டிஸ்க்குக்கு அந்த டயர் அகலம் அதிகம்.

தங்கச்சிமடம் ஜீப்:
மதுரையில் ஐந்து ஜிப்ஸி டிஸ்க் எடுத்தேன், ஏழு பார்த்ததில் இரண்டைக் கழித்துவிட்டேன். வீட்டில் ஜாக்கி போட்டு மாட்டி, விளிம்பை ஒட்டி ஸ்க்ரூ டிரைவரை நிறுத்தி ஒவ்வொன்றாகச் சுற்றினேன். நாலு சீராகச் சுற்றியது, ஒன்று மட்டும் ஒரு இடத்தில் மூன்று மில்லி விலகி வந்தது. அதை மாற்றிக் கேட்கப் போகிறேன். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டேன். அப்பா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு முன் சக்கரத்தைக் காலால் தட்டினார். நட்டு மட்டும் பழையதே. போதுமா?

பாம்பன் பட்டறை:
நட்டு ஸ்டட்டுக்குச் சேரவேண்டும், அதன் கூம்பு, அதாவது ஓட்டையில் உட்காரும் சரிந்த முகம், டிஸ்க்குக்குச் சேரவேண்டும். உன் ஸ்டட் அரை அங்குலம், ஜிப்ஸி நட்டு ஏறாது, பழையதேதான் போட முடியும். கூம்பில் சாக்பீஸ் தடவி இறுக்கிக் கழற்றிப் பார், சுற்றிலும் முழு வளையமாகச் சுண்ணாம்பு ஒட்டவேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ஓட்டாதே. இறுக்கும்போது ஒன்று விட்டு ஒன்று.

தங்கச்சிமடம் ஜீப்:
வளையம் முழுதாக வந்தது. இன்று காலையில் அரிச்சல்முனை வரை போய் வந்தோம், அப்பாதான் ஓட்டினார். வந்து ஸ்பேனர் வைத்தால் முன் இடது பக்கம் இரண்டு நட்டு கால் சுற்று ஏறியது.

பாம்பன் பட்டறை:
ஹப்பில் ஒட்டும் முகத்திலும் கூம்பிலும் பெயிண்ட் அடித்திருப்பாய், அது நசுங்கி இறங்குகிறது. அந்த இரண்டு இடத்திலும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு மாட்டு, ஐம்பது கிலோமீட்டர் கழித்து மறுபடி ஸ்பேனர் வை. இடது பக்கம் எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று பஞ்சர் கடைப் பையனுக்குத் தெரிய, மட்கார்டின் உள்பக்கம் ஒரு அம்புக்குறி எழுதி வை.