இரண்டு கம்பர்லேண்டுகளும் ஒரு குதிரையும்

என் கணவர் வீட்டார் ஏழு தலைமுறைகளாக அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வாழ்பவர்கள். "நம் முன்னோர் கம்பர்லேண்ட் வழியாக மேற்கே வந்தவர்கள்" என்று மாமியார் சொன்னதைக் கேட்டு, மேரிலாந்தின் கம்பர்லேண்ட் நகரிலிருந்து மேற்கு நோக்கி 1811-இல் போடத் தொடங்கிய தேசியச் சாலையைத்தான் சொல்கிறார் என்று நம்பி, அந்தச் சாலையோர ஊர்களின் பதிவேடுகளை இரண்டு ஆண்டுகள் புரட்டினேன். ஒரு பெயரும் அகப்படவில்லை.

விடை 1850-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்தது. அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோர் நீங்கலாக, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த மாநிலமும் அந்த ஆண்டில்தான் முதன்முறையாக எழுதப்பட்டன. எங்கள் முன்னோர் குடும்பத்தில் தந்தை பிறந்தது வட கரோலினாவில். 38 வயது மகனும் 35 வயது மகளும் கென்டக்கியில். 31 வயது இளைய மகன் இண்டியானாவில். மூத்தவர் பிறந்த 1812 வாக்கில் தேசியச் சாலை ஒஹாயோ ஆற்றங்கரையை எட்டவே இல்லை. அந்த ஆற்றங்கரையிலுள்ள வீலிங் நகரை அது அடைந்தது 1818-இல். அப்படியானால் மாமியார் சொன்ன கம்பர்லேண்ட், கென்டக்கிக்குள் செல்ல 1775-இல் டேனியல் பூன் என்ற முன்னோடி காட்டை வெட்டி வழி திறந்த கம்பர்லேண்ட் கணவாயாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு கென்டக்கியின் வரிப் பட்டியல்களைத் தேடினேன். மங்கிய நுண்படச் சுருளில் (மைக்ரோஃபிலிம்) அந்தத் தந்தையின் பெயர் தெரிந்தபோது உடல் சிலிர்த்தது. அந்த வரியில் இருந்தது ஒரே ஒரு குதிரை. நிலத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. ஐந்து ஆண்டுப் பட்டியல்களிலும் அப்படியே. கென்டக்கியில் ஒரே நிலத்துக்குப் பலர் உரிமை கோரும்படி அளவைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே இண்டியானாவிலோ அரசே சதுரம் சதுரமாக அளந்து விற்றது. ஆபிரகாம் லிங்கனின் தந்தை 1816-இல் குடும்பத்தோடு அங்கே பெயர்ந்ததற்கும் நில உரிமைச் சிக்கல் ஒரு காரணம். நிலமற்ற எங்கள் முன்னவரும் அதை நாடியே ஆற்றைக் கடந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த வரிப் பட்டியலில் உள்ள வேறு இரண்டு குடும்பப் பெயர்கள், 1850-இல் இண்டியானாவில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்களாக வருகின்றன. அக்காலத்தில் உறவும் அண்டையுமாகச் சேர்ந்தே புறப்பட்டார்கள். ஆகவே இப்போது வட கரோலினாவில் மூன்று குடும்பப் பெயர்களும் ஒன்றாக வரும் கவுண்டியை (மாவட்டம் போன்ற பிரிவை)த் தேடிக்கொண்டிருக்கிறேன்.